பாடகி நூர்ஜகான்: எல்லைக்கோடும் ஒரு குரலும்

நூர்ஜகான் என்ற பெயரைக் கேட்டதும் வரலாறு படித்தவர் நெஞ்சில் தோன்றுபவர் மொகலாயப் பேரரசர் ஜகாங்கீரின் பட்டத்தரசியே ஆவார். கணவர் பெயரால் நாட்டை ஆண்டு, 1645ஆம் ஆண்டில் மறைந்து, லாகூர் நகரின் அருகே ராவி ஆற்றங்கரையில் அடக்கமானவர் அவர். அதே லாகூரோடு தொடர்புகொண்டு, அதே பெயரைப் பூண்டு, இருபதாம் நூற்றாண்டில் வேறொரு வகையான ஆட்சி செலுத்திய பெண்மணி ஒருவர் உண்டு. அவர் ஆண்டது நிலத்தையன்று, செவிகளை. ‘மலிகா-ஏ-தரன்னும்’, அதாவது இசையரசி என்று பாகிஸ்தான் மக்கள் அவரை அழைத்தனர். அவ்விசையரசியின் கலை வாழ்வே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஒரு தமிழாசிரியன் பாகிஸ்தான் பாடகியைப் பற்றி எழுதக் காரணம் என்ன என்று வாசகர்கள் வினவலாம். காரணம் சிறியது. நான் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் முதிய சீக்கியர் ஒருவர் ஜாகா வேலை பார்த்தார். பஞ்சாபியரை ‘வங்காளி’ என்று தவறாக வழங்கும் வழக்கம் எங்கள் தோட்டத்திலும் இருந்தது. ஆனால் பிள்ளைகளாகிய எங்களுக்கு அவர் ‘பாயி’. இரவில் ஸ்டோர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து, பழைய ஒலிநாடாப் பெட்டியில் ஒரே பெண்ணின் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பார். “பாயி, இது யாரு பாடுறது?” என்று ஒரு நாள் கேட்டேன். “நூர்ஜகான். நம்ம ஊர்ப் பொண்ணு” என்றார். அவருடைய ஊர் லாகூருக்குப் பக்கத்திலிருந்த ஒரு சிற்றூர். 1947க்குப் பிறகு அவ்வூருக்கு அவர் போனதே இல்லை, போகவும் முடியவில்லை.

அன்று அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கவில்லை. பின்னர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இந்தியப் பிரிவினை பற்றிப் படித்தபோதுதான், ‘நம்ம ஊர்ப் பொண்ணு’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு பெரிய இழப்பு அடங்கியிருந்தது என்பதை உணர்ந்தேன். ஊர் ஒரு நாட்டிலும், ஊரார் மற்றொரு நாட்டிலும் ஆகிவிட்டபின், ஊரின் குரல் யாருக்குச் சொந்தம்? இக்கேள்வியை மனத்திற்கொண்டு நூர்ஜகானின் வரலாற்றைக் காண்போம்.

கசூரில் பிறந்த பிள்ளை

லாகூருக்குத் தெற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் கசூர் என்னும் பழம்பதி உள்ளது. சூஃபி ஞானியும் பஞ்சாபி மொழியின் பெருங்கவிஞருமான புல்லே ஷா அடங்கிய தலம் அது. இந்துஸ்தானி இசையில் தமக்கென ஓர் இடம் பெற்ற படே குலாம் அலி கான் 1902இல் பிறந்ததும் அவ்வூரிலேயே. அங்கே பரம்பரையாக இசையையே தொழிலாகக் கொண்ட ஒரு குடும்பத்தில் நூர்ஜகான் பிறந்தார். அவர் பிறந்தது 1926ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் எனப் பொதுவாகக் கூறுவர். பெற்றோர் இட்ட பெயர் அல்லா வசாயி. தந்தை மதத் அலி. தாய் ஃபதே பீபி.

இசைக் குடும்பம் என்றதும் செல்வமும் மதிப்பும் நிறைந்த குடும்பம் என்று எண்ணிவிடலாகாது. அக்காலத்தில் திருமண வீட்டிலும் செல்வர் மாளிகையிலும் பாடுவோரை ஊரார் விரும்பிக் கேட்டனர். ஆனால் சரியாசனம் தரவில்லை. பாட்டை மெச்சுவதும் பாடுபவரைத் தாழ்த்துவதும் ஒருங்கே நிகழ்ந்தன. பெண்பிள்ளைகள் பாடினால் குடும்பம் பிழைக்கும் என்ற நிலையில், வசாயி ஐந்தாறு வயதிலேயே பாடத் தொடங்கினார். முறையான சங்கீதப் பயிற்சியும் இளமையிலேயே தொடங்கியது. தும்ரி, துருபத், கயால் ஆகிய வகைகளில் பெற்ற இந்த அடிப்படைப் பயிற்சியே பின்னாளில் அவர் எந்தத் திரைப்பாட்டைப் பாடினாலும் அதன் அடியில் ஓடிய ஆற்றுநீராயிற்று.

1930களின் தொடக்கத்தில் குடும்பம் கல்கத்தாவுக்குப் பெயர்ந்தது. ஏன் கல்கத்தா? நாடகக் கொட்டகைகளுக்கும் இசைத்தட்டு வணிகத்துக்கும் அப்போது அந்நகரே தலைமையிடம். 1931இல் ‘ஆலம் ஆரா’ வெளிவந்து இந்தியப் படங்கள் வாய் திறந்து பேசத் தொடங்கியதும், பாடத் தெரிந்தவர்களுக்கெல்லாம் புதிய வாயில் ஒன்று திறந்தது. புகழ்பெற்ற பாடகியும் நடிகையுமான முக்தார் பேகம் இச்சிறுமியின் திறமையைக் கண்டு ஆதரித்தார். ‘பேபி நூர்ஜகான்’ என்ற மேடைப் பெயர் கல்கத்தாவில்தான் அமைந்தது. 1935இல் கே. டி. மெஹ்ரா இயக்கிய பஞ்சாபிப் படத்தில் அவரும் அவருடைய உடன்பிறந்தாரும் தோன்றினர். பஞ்சாபிப் பேசும்படத்தின் பிள்ளைப்பருவமும் நூர்ஜகானின் பிள்ளைப்பருவமும் இவ்வாறு ஒன்றாகவே அமைந்தன.

லாகூரும் பம்பாயும்

1938 அளவில் குடும்பம் பஞ்சாபுக்குத் திரும்பியது. லாகூரில் தல்சுக் பஞ்சோலி என்பவர் படத்தொழிலை ஊன்றி வளர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நிறுவனத்தின் இசையமைப்பாளர் மாஸ்டர் குலாம் ஹைதர். பஞ்சாபின் வயல்வெளித் தாளங்களையும் டோலக் என்னும் கொட்டையும் திரையிசைக்குள் துணிவோடு கொண்டுவந்தவர் இவர். 1939இல் ‘குல் பகாவலி’ என்ற பஞ்சாபிப் படத்தில் இவர் இசையில் நூர்ஜகான் பாடிய பாட்டு, பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியின் பெயரைப் பஞ்சாப் முழுவதும் பரப்பிவிட்டது. 1940இல் வந்த ‘யம்லா ஜட்’ படமும் வெற்றி கண்டது.

1942இல் வந்த ‘கான்தான்’ என்ற உருதுப் படமே அவரைக் கதாநாயகியாக்கியது. இயக்கியவர் சௌகத் ஹுசேன் ரிஸ்வி, இசை குலாம் ஹைதர், கதாநாயகர் பிராண். பிற்காலத்தில் வில்லன் வேடங்களில் வட இந்தியாவையே நடுங்கவைத்த அதே பிராண்தான். நூர்ஜகான் வயதிலும் உயரத்திலும் மிகச் சிறியவராக இருந்தமையால், அண்மைக் காட்சிகளில் செங்கற்களின்மேல் அவரை நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள் என்று சொல்வதுண்டு. படம் பெருவெற்றி பெற்றது. ரிஸ்வியை மணந்த நூர்ஜகான் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார்.

பம்பாயில் அவர் வாழ்ந்தது ஐந்தாண்டுக்கும் குறைவு. அக்குறுகிய காலத்தில் அடைந்த புகழோ பெரிது. 1945இல் மட்டும் ‘படீ மா’, ‘கான் கீ கோரி’, ‘சீனத்’ முதலிய படங்கள் வந்தன. ‘சீனத்’ படத்தில் நூர்ஜகான், சோஹ்ராபாய் அம்பாலேவாலி, கல்யாணி ஆகிய பெண்கள் சேர்ந்து பாடிய கவாலி ஒன்று உண்டு. கவாலி என்பது தர்காக்களில் ஆண்களே குழுவாக அமர்ந்து கைத்தட்டிப் பாடும் மரபுடையது. அதைப் பெண்குரல்கள் எடுத்துப் பாடித் திரையில் ஒலித்தபோது நாடே வியந்தது.

1946இல் மெஹ்பூப் கான் இயக்கி, நௌஷாத் இசையமைத்த ‘அன்மோல் கடி’ வெளிவந்தது. விலைமதிப்பற்ற கடிகாரம் என்பது அப்பெயரின் பொருள். நூர்ஜகான், சுரேந்திரா, சுரையா ஆகிய மூவரும் நடித்தனர். இம்மூவரும் தம் பாட்டைத் தாமே பாடியவர்கள் என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும். சுரேந்திராவும் நூர்ஜகானும் ஒருவரையொருவர் அழைத்துப் பாடும் இணைப்பாட்டு இன்றளவும் முதியோர் உதடுகளில் நிற்கிறது. 1947இல் திலீப் குமாரோடு நடித்த ‘ஜுக்னு’ வந்தது. ஜுக்னு என்றால் மின்மினி. பிரோஸ் நிசாமி இசையில் முகம்மது ரபியும் நூர்ஜகானும் இணைந்து பாடிய பாட்டு அப்படத்திற்கு உயிராயிற்று. பம்பாயில் நூர்ஜகானின் புகழ் உச்சியில் நின்ற ஆண்டு அது. அதே ஆண்டில் நாடு இரண்டாயிற்று.

1947: பிரிந்த வழிகள்

1947 ஆகஸ்டு மாதத்தில் பஞ்சாப் மாநிலத்தின் நடுவே எல்லைக்கோடு வகுக்கப்பட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு ஒரு புறமிருந்து மறுபுறம் சென்றனர். மாண்டவர் பல இலட்சம். கலைஞரும் இதற்கு விலக்கல்லர். லாகூரில் படத்தொழிலை வளர்த்த பஞ்சோலி பம்பாய்க்கு வந்தார். லாகூரின் மற்றொரு படமுதலாளியான ரூப் ஷோரியும் தம் ஸ்டூடியோவை விட்டு இந்தியாவுக்கு வந்துசேர்ந்தார். நூர்ஜகானும் ரிஸ்வியும் எதிர்த்திசையில் பாகிஸ்தானுக்குப் போயினர். ஷோரி விட்டுச் சென்ற ஸ்டூடியோவே ரிஸ்விக்கு ஒதுக்கப்பட்டு, ‘ஷாநூர் ஸ்டூடியோ’ என்ற புதுப்பெயர் பெற்றது. ஒருவர் இழந்த கூரையின்கீழ் மற்றொருவர் தொழில் தொடங்கினார். அக்காலத்தின் கதையைச் சொல்ல இந்த ஒரு கட்டடம் போதும்.

கசூர் தந்த மற்றொரு மேதையின் வழியையும் இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். படே குலாம் அலி கான் பிரிவினையின்போது பாகிஸ்தானில் இருந்தார். பின்னர் இந்தியாவுக்குத் திரும்பி, 1957இல் இந்தியக் குடியுரிமை பெற்று, 1968இல் ஐதராபாத்தில் மறைந்தார். ஒரே ஊரில் பிறந்த இருவரில் ஒருவர் பம்பாயை விட்டு லாகூர் போனார். மற்றவர் லாகூரை விட்டு இந்தியா வந்தார். இருவரும் இசையைக் கைவிடவில்லை. ஆகவே, போனவர் துரோகி என்றோ, வந்தவரே தேசபக்தர் என்றோ பேசுவது வரலாறாகாது. எங்கே தன் மக்கள் இருக்கிறார்கள், எங்கே தன் கலைக்கு இடம் இருக்கிறது என்று கலைஞர் ஒவ்வொருவரும் தத்தம் நிலையிலிருந்து முடிவெடுத்தனர் என்பதே உண்மை.

நூர்ஜகான் சென்றடைந்த லாகூர் அவர் முன்பு அறிந்த லாகூர் அன்று. ஸ்டூடியோக்கள் தீக்கிரையாகியும் கைமாறியும் கிடந்தன. முதலாளிகளும் தொழில்நுட்பம் அறிந்தோரும் பலர் போய்விட்டனர். பாகிஸ்தானில் எடுத்த முதற்படமான ‘தேரீ யாத்’ 1948இல்தான் வெளிவந்தது. பம்பாயின் உச்சியிலிருந்து இறங்கி, அடித்தளத்திலிருந்து ஒரு தொழிலைக் கட்டவேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது.

1951இல் ‘சன்வே’ என்ற பஞ்சாபிப் படம் வந்தது. அதில் நூர்ஜகான் கதாநாயகி, பாடகி, அம்மட்டோடு நில்லாமல் இயக்குநர் என்றும் அவர் பெயரே திரையில் வந்தது. பாகிஸ்தான் படத்துறையில் பெண்ணொருவர் பெயர் இயக்குநராக இடம்பெற்றது இதுவே முதன்முறை. பாடகியை ஏவலாளாக நடத்திய ஒரு சமுதாயத்தில், நாடோடிப் பாட்டுக் குடும்பத்தின் மகள் இருபத்தைந்து வயதில் படப்பிடிப்புத் தளத்தில் மற்றவர்க்கு ஆணையிடும் இடத்திற்கு வந்துவிட்டார். அடுத்த ஆண்டு, 1952இல், சிப்தைன் பஸ்லி இயக்கிய ‘துபட்டா’ வெளிவந்தது. ‘சன்வே’, ‘துபட்டா’ ஆகிய இரண்டிற்கும் இசை பிரோஸ் நிசாமி. நிலவொளி இரவின் தனிமையைப் பற்றி ‘துபட்டா’வில் அவர் பாடிய பாட்டு எல்லைக்கு இப்பாலும் புகழ்பெற்றது.

ஒரு பரவலான கருத்தும் அதன் உண்மையும்

நூர்ஜகான் பம்பாயிலேயே தங்கியிருந்தால் லதா மங்கேஷ்கர் தோன்றியே இருக்கமாட்டார் என்று இசையன்பர் பலர் கூறக் கேட்டிருக்கிறோம். இக்கூற்றில் கொஞ்சம் உண்மை உண்டு. 1945இல் ‘படீ மா’ படத்தில் லதா ஒரு சிறு வேடத்தில் நடித்தவர். நூர்ஜகானை நேரிற் கண்டு வியந்தவர். தொடக்கக்காலத்தில் நூர்ஜகானின் பாணியே தமக்கு வழிகாட்டி என்று அவரே சொல்லியிருக்கிறார். பெரிய நாற்காலி ஒன்று வெறுமையானது உண்மை. அதில் மற்றொருவர் அமர்ந்ததும் உண்மை. எனினும், காரணத்தைத் தேடும் ஆசிரியன் இத்துடன் நிற்கலாகாது.

முதலாவதாக, லதாவை ஊக்கி வளர்த்தவர்களுள் முதன்மையானவர் யார்? நூர்ஜகானை லாகூரில் வளர்த்த அதே குலாம் ஹைதர்தான். லதாவின் குரல் மெலிந்தது என்று படமுதலாளி ஒருவர் ஒதுக்கியபோது, ஹைதர் 1948இல் ‘மஜ்பூர்’ படத்தில் அவரைப் பாடவைத்தார். அதன்பின் அவரும் லாகூர் சேர்ந்து 1953இல் மறைந்தார். ஆகவே, இருவரும் ஒரே தோட்டக்காரர் நீரூற்றிய இரு செடிகள். ஒன்றைப் பிடுங்கியதால் மற்றொன்று முளைத்தது என்பது பொருந்தாது.

இரண்டாவதாக, கலையின் அமைப்பே அப்போது மாறிக்கொண்டிருந்தது. பேசும்படத்தின் தொடக்கத்தில் நடிப்பவரே பாடவேண்டும். வடக்கே சைகல் போலவே தமிழில் தியாகராஜ பாகவதரும் சின்னப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் பாட்டாலேயே திரையை ஆண்டனர். 1935இல் கல்கத்தாவில் பின்னணிப் பாட்டு முறை தலைகாட்டியது. பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் வேறொருவர் என்றானபின், படமுதலாளிக்கு இரட்டை வசதி கிடைத்தது. அழகிய முகத்தை ஓரிடத்திலும் சிறந்த குரலை வேறிடத்திலும் தேடிக்கொள்ளலாம். ஒரே குரல் ஓராண்டில் பத்துக் கதாநாயகியருக்குப் பாடலாம். பாடி நடிக்கும் நட்சத்திரங்களின் காலம் இதனால் முடியலாயிற்று. சைகலும் 1947 சனவரியில் மறைந்தார்.

இதற்குத் தக்க சான்று ‘அன்மோல் கடி’யில் உடன் நடித்த சுரையாவின் வாழ்க்கை. அவர் பம்பாயைவிட்டு நீங்கவில்லை. அங்கேயே இருந்து பாடி நடித்தார். 1954இல் சோராப் மோடியின் ‘மிர்சா காலிப்’ படத்தில் கவிஞர் காலிபின் காதலியாகத் தோன்றி, கஸல்களைப் பாடி அழியாப் புகழ் பெற்றார். ஆயினும் 1963இல் வந்த ‘ருஸ்தம் சொராப்’ அவருடைய கடைசிப் படமாயிற்று. லாகூரிலோ, நூர்ஜகான் 1961இல் ‘காலிப்’ என்ற படத்தில் நடித்தார். 1963இல் ‘பாஜி’ என்ற படத்தில் சிறு வேடத்தில் தோன்றியதோடு அவரும் நடிப்பை விட்டார். ஒருவர் பம்பாயில் தங்கினார், ஒருவர் லாகூர் சென்றார். பாடி நடிக்கும் வாழ்வு இருவருக்கும் ஒரே ஆண்டில் முடிந்தது. எல்லைக்கோட்டைவிட வலிய காரணம் ஒன்று இரு புறத்திலும் வேலை செய்தது என்பதை இது காட்டவில்லையா?

அனார்கலிக் கதையும் இதையே வலியுறுத்துகிறது. 1953இல் பம்பாய் ‘அனார்கலி’யில் நடித்தவர் பீனா ராய், அவருக்காகப் பாடியவர் லதா. நம்மவர் தமிழில் கண்ட 1955ஆம் ஆண்டு ‘அனார்கலி’யிலும் நடித்தவர் அஞ்சலி தேவி, பாடியவர் ஜிக்கி. 1958இல் லாகூரில் எடுத்த ‘அனார்கலி’யில் மட்டும் முகமும் குரலும் நூர்ஜகான் ஒருவருடையதே. மற்ற இடங்களில் மறைந்துவிட்ட பழைய முறை லாகூரில் இன்னும் சில ஆண்டு உயிரோடிருந்தது. அதைத் தம் தோளில் தாங்கியவர் நூர்ஜகானே. இசையமைப்பாளர் குர்ஷித் அன்வரோடு இணைந்து 1956இல் ‘இந்தசார்’, 1959இல் ‘கோயல்’ ஆகிய படங்களில் அவர் பாடி நடித்தவை அம்முறையின் முதிர்ந்த கனிகள்.

திரைக்குப் பின்னால்

ரிஸ்வியுடனான மணவாழ்வு 1950களின் இடையில் முறிந்தது. 1959இல் நடிகர் இஜாஸ் துரானியை மணந்தார். இதன்பின் நடிப்பு குறைந்து, பின்னணிப் பாட்டே தொழிலாயிற்று. மற்றொரு பாடகியாயிருந்தால் இம்மாற்றம் வீழ்ச்சியாக முடிந்திருக்கும். சுரையாவின் குரல் அவர் நடிப்போடு சேர்ந்தே மௌனமாகிவிட்டதல்லவா? நூர்ஜகான் அவ்வாறு ஓயவில்லை. முகத்தைத் திரையிலிருந்து எடுத்துக்கொண்டு, குரலை மட்டும் அங்கேயே விட்டுவைத்தார். அதற்குப்பின் முப்பது ஆண்டுகளுக்குமேல் அவரைவிட இளைய கதாநாயகியர் பலருக்கு அக்குரல் பயன்பட்டது.

1962இல் ‘கைதி’ என்ற படத்தில் கவிஞர் பைஸ் அகமது பைஸின் புகழ்பெற்ற கவிதையொன்றை அவர் பாடினார். காதலைவிடப் பெரிய துன்பங்கள் உலகில் உண்டு என்ற உணர்வை உரைக்கும் கவிதை அது. அதைக் கேட்ட கவிஞர், இனி அக்கவிதை நூர்ஜகானுக்கே உரியது என்று சொல்லிவிட்டதாகக் கூறுவர். எழுதியவனே உரிமையை விட்டுக்கொடுக்கும் அளவுக்குப் பாடுவதென்றால், அது சொல்லின் பொருளறிந்து பாடிய பாட்டு என்பதில் ஐயமில்லை. தமிழாசிரியர்கள் இங்கே சற்று நின்று எண்ணவேண்டும். செய்யுளை இசையோடு படித்துக்காட்டினால்தான் மாணாக்கர் நெஞ்சில் அது பதியும் என்று பயிற்சிக் கல்லூரியில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். சொல்லை விழுங்காமல், அசையை முறிக்காமல், பொருளுக்கேற்பக் குரலை ஏற்றியும் இறக்கியும் பாடும் முறைக்கு மொழி தெரியாதவரும் நூர்ஜகானைக் கேட்டுப் பாடம் கற்கலாம்.

1970இல் வந்த ‘ஹீர் ராஞ்சா’ பஞ்சாபின் அமரகாதலைச் சொல்லும் படம். வாரிஸ் ஷா பாடிய காவியத்தால் பஞ்சாபியர் அனைவரும் அறிந்த கதை. ராஞ்சாவாக நடித்தவர் இஜாஸ். ஹீராக நடித்தவர் பிர்தௌஸ். ஹீரின் குரலோ நூர்ஜகானுடையது. குர்ஷித் அன்வர் அமைத்த அப்படப் பாடல்கள் பஞ்சாபித் திரையிசையின் சிகரம் என்று போற்றப்படுகின்றன. ஹீரின் கதை எல்லைக்கோட்டுக்கு முற்பட்டது. ஆதலால் அப்பாட்டு இரு பஞ்சாபுக்கும் பொது. எங்கள் தோட்டத்து ஜாகா கேட்டுக்கொண்டிருந்த ஒலிநாடாக்களுள் இந்தப் படமும் இருந்தது என்று பின்னாளில் அறிந்தேன்.

போரும் பாட்டும்

நூர்ஜகானின் வாழ்வில் நாம் ஒதுக்கிவிடலாகாத பகுதி ஒன்று உண்டு. 1965 செப்டம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டன. லாகூரின் வாசல்வரை போர் வந்தது. அந்நாட்களில் நூர்ஜகான் லாகூர் வானொலி நிலையத்திற்குச் சென்று, படைவீரருக்காகப் பாட்டுகளைப் பதிவுசெய்து தந்தார். அவற்றுள் சூஃபி தபஸ்ஸும் பஞ்சாபியில் எழுதித் தந்த பாட்டொன்று இன்றும் அந்நாட்டில் கண்ணீரோடு கேட்கப்படுகிறது. களத்திற் பொருத மகனை எண்ணி, அவன் விலைகொடுத்துப் பெறக்கூடிய பொருளல்லன் என்று சொல்லும் பாட்டு அது. நம் புறநானூற்றில் மூதின்முல்லைத் துறையைப் படித்தவர்க்கு இவ்வுணர்வு புதியதன்று.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? இந்தியரால் நேசிக்கப்பட்ட குரல், இந்தியப் படையை எதிர்த்தவரை ஊக்க ஒலித்தது. அதே வேளையில் எல்லைக்கு இப்பால் இருந்த பாடகரும் தம் படைவீரருக்காகப் பாடினர். இரு புறத்துத் தாய்மாரும் அழுதனர். ஒரு கலைஞர் தாம் வாழும் நாட்டுக்கு உண்மையாயிருந்தார் என்பதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. ஆனால், ஒரே பஞ்சாபி மொழி, ஒரே பாட்டு மரபு, இரு படைகளின் வீரர்க்கும் பொதுவாயிருந்தது என்பதை நினைக்கும்போது, பிரிவினையின் கொடுமை நமக்கு முன்னைவிட ஆழமாகப் புரிகிறது. அப்போரையொட்டி இந்தியப் படங்கள் பாகிஸ்தானில் முற்றாகத் தடைசெய்யப்பட்டன; தடை ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் நீடித்தது. படச்சுருள் எல்லையைக் கடக்கவில்லை. வானொலி அலைக்கு மட்டும் சுங்கச்சாவடி இல்லை; அமிர்தசரசில் இருந்தோர் லாகூர் நிலையத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தனர்.

திரும்பி வந்த பாட்டு

1982 பெப்ருவரியில், இந்தியப் பேசும்படத்தின் பொன்விழாவையொட்டி நூர்ஜகான் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் அவர் பம்பாய் மண்ணை மிதித்தார். ‘ஜுக்னு’வில் உடன் நடித்த திலீப் குமாரும், ‘படீ மா’வில் சிறுபெண்ணாய் நின்று அவரைக் கண்ட லதா மங்கேஷ்கரும் அவரை வரவேற்றனர். புதுதில்லியில் பிரதமர் இந்திரா காந்தியையும் கண்டார். பம்பாய் மேடையில் அவர் பாடியவற்றுள் 1946ஆம் ஆண்டு ‘அன்மோல் கடி’யின் இணைப்பாட்டும் ஒன்று. சுரேந்திரா பாடிய வரிகளுக்கு விடையாக இளம்பெண்ணாய் ஒருகால் பாடியதை, ஐம்பத்தைந்து வயது மூதாட்டியாய்த் தனியே பாடினார். குரல் தடித்திருந்தது, மூச்சு குறைந்திருந்தது. அவையோர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் கேட்டது இழந்த ஒரு காலத்தை.

1965இல் அவர் பாடிய போர்ப்பாட்டுகளை அவையிலிருந்தோர் அறியாதவரல்லர். அறிந்தே கைதட்டினர். அரசுகள் செய்துகொள்ளும் உடன்படிக்கையில் இல்லாத ஒரு சமாதானம் அன்றிரவு அந்த அரங்கில் நிலவியது எனலாம்.

நாடு திரும்பிய நூர்ஜகான் தொடர்ந்து பஞ்சாபிப் படங்களுக்குப் பாடினார். நோய் அவரை வாட்டியபோதும் 1990களின் நடுப்பகுதிவரை அவர் குரல் திரையில் ஒலித்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் கராச்சியில் மாரடைப்பால் காலமானார். அது ரமலான் மாதம். அன்றே கராச்சியில் அடக்கமும் நடந்தது. லாகூரில் அவருக்குக் கல்லறை இல்லை. பெயரைத் தந்த மொகலாய அரசி ராவிக் கரையில் உறங்க, பெயரை ஏற்றுப் பாடிய அரசி கடற்கரை நகரில் உறங்குகிறார்.

நாம் கற்கவேண்டியது

நூர்ஜகானின் வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. பாடும் தொழிலை இழிவென்று கருதிய சமுதாயத்தில், அத்தொழிலையே ஏணியாக்கி ஒரு பெண் நாட்டின் குரலாக உயர்ந்தார் என்பது ஒன்று. கலைஞரின் ஏற்றத்தாழ்வுக்கு அரசியலை மட்டும் காரணமாகச் சொல்லலாகாது, கலைக்குள்ளே நிகழும் கருவி மாற்றமும் முறை மாற்றமும் அவர் விதியை எழுதுகின்றன என்பது இரண்டு. நிலத்தைப் பங்கிடுவது போலப் பாட்டைப் பங்கிட இயலாது என்பது மூன்று.

மூன்றாவது உண்மையை எனக்குக் கற்பித்தது எந்தப் புத்தகமும் அன்று. கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்த அந்த முதியவரிடம், சிறுவனுக்குரிய அறியாமையோடு, “அவங்க பாகிஸ்தான் ஆளு இல்லையா, பாயி?” என்று நான் பின்னொருநாள் கேட்டதுண்டு. அவர் சினக்கவில்லை. ஒலிநாடாவை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டே, “பாகிஸ்தான் அப்புறம் வந்தது தம்பி. பாட்டு முந்தியே இருந்தது” என்றார்.

அவர் இறந்து நெடுங்காலமாயிற்று. தோட்டமும் துண்டாடப்பட்டு, ஸ்டோர் இருந்த இடத்தில் இன்று எண்ணெய்ப்பனை நிற்கிறது. பிரிவினைப் பாடத்தை மாணாக்கருக்கு நடத்தும் ஒவ்வோராண்டும், தேதிகளையும் எண்ணிக்கைகளையும் சொல்லி முடித்தபின் அம்முதியவரின் சொல்லையும் சேர்த்துச் சொல்கிறேன். எண்ணிக்கை தேர்வுக்கு உதவும். ஊரை இழந்தவனுக்கு எது மிஞ்சியது என்பதை அந்தச் சொல்லே பிள்ளைகளுக்கு விளக்குகிறது.